நம் ஆபீஸ் கம்ப்யூட்டர் எழுந்திருக்க ஏன் இவ்வளவு நேரம்?



காலையில் கூட்டமைப்பு அலுவலகத்தைத் திறக்கிறோம். கம்ப்யூட்டர் பட்டனை அழுத்திவிட்டு வாசலைக் கூட்டுகிறோம். டீக்கடைக்குச் சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தால் டீ வந்துவிடுகிறது, கம்ப்யூட்டர் மட்டும் வரவில்லை. வங்கிக்குக் கடிதம் அடிக்க வந்த ஊக்குநர் அக்கா, "இதுக்கு நான் கையாலயே எழுதிக் குடுத்திருப்பேனே" என்கிறார். அவர் சொல்வதும் நியாயம்தானே!

"பழசாயிடுச்சு, புதுசு வாங்கிடுங்க" என்று சொல்பவர்கள் உண்டு. வாங்கலாம். ஆனால் அது குழுக்கள் கட்டிய சந்தாவில் இருந்து போகும் பணம். அதை எடுக்கும் முன்பு, ஒரு ரூபாய் செலவில்லாமல் நாமே செய்து பார்க்கக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது. அதைத்தான் இந்த மாதம் சொல்லப் போகிறோம். நாங்கள் இதை முதலில் தப்பாகச் செய்து, பட்டு, பிறகுதான் சரியாகச் செய்தோம். அந்தக் கதையையும் மறைக்காமல் சொல்கிறோம்.

பட்டனை அழுத்தியதும் உள்ளே என்ன நடக்கிறது?

நம் குழுக் கூட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கதவைத் திறந்ததும் தலைவி, செயலாளர், பொருளாளர் வந்து உட்கார்ந்தால் கூட்டத்தைத் தொடங்கிவிடலாம். ஆனால் கதவு திறந்த நிமிடமே அக்கம்பக்கத்துக்காரர், வளையல் விற்பவர், சீட்டுக்காரர் என்று இருபது பேர் உள்ளே வந்து பாயில் உட்கார்ந்தால் என்ன ஆகும்? உட்கார இடம் போதாது. அதோடு, அத்தனை பேரும் ஒரே நேரத்தில் "பீரோவில் இருந்து என் நோட்டை எடுங்க" என்று கேட்டால், பீரோ சாவி வைத்திருப்பவர் ஒருவர்தானே? அவர் யாருக்கென்று எடுப்பார்?

கம்ப்யூட்டரிலும் இதேதான். பாய் என்பது ராம் எனும் தற்காலிக நினைவகம். பீரோ என்பது ஹார்டு டிஸ்க். விண்டோஸ் எழுந்ததும், நாம் கூப்பிடாமலேயே பல புரோகிராம்கள் கூடவே எழுந்து வருகின்றன. அவற்றைத்தான் ஸ்டார்ட்அப் புரோகிராம்கள் என்கிறார்கள். தமிழில் தொடக்க நிரல்கள் என்று சொல்லலாம். ஒவ்வொன்றும் ஹார்டு டிஸ்க்கில் இருந்து தன் கோப்புகளை எடுக்கப் போட்டி போடும். எடுத்தபின் ராமில் இடம் பிடித்துக்கொண்டு நாள் முழுக்க உட்கார்ந்திருக்கும்.

விண்டோஸ் 7 ஓடுவதற்கே குறைந்தது 1 ஜி.பி. ராம் வேண்டும். 64 பிட் வகை என்றால் 2 ஜி.பி. வேண்டும். நம்மிடம் இருக்கும் பழைய கம்ப்யூட்டர்களில் பலவற்றில் இருப்பதே அந்த 2 ஜி.பி. தான். அதிலும் விருந்தாளிகள் வந்து உட்கார்ந்தால், நம் கணக்கு நோட்டை விரிக்க இடம் எங்கே?

இவர்களை யார் கூப்பிட்டது?

பெரும்பாலும் நாம்தான், நமக்கே தெரியாமல். ஒரு மென்பொருளைப் போடும்போது "நெக்ஸ்ட், நெக்ஸ்ட்" என்று அழுத்திக்கொண்டே போகிறோம். அந்த நேரத்தில் அது தன் பெயரைத் தொடக்கப் பட்டியலில் எழுதிக்கொள்கிறது. எழுதும் இடங்கள் முக்கியமாக மூன்று.

முதலாவது, ஸ்டார்ட் மெனுவில் ஆல் புரோகிராம்ஸ் உள்ளே இருக்கும் ஸ்டார்ட்அப் என்ற ஃபோல்டர். இது கண்ணுக்கு நேராகத் தெரியும்.

இரண்டாவது, ரெஜிஸ்ட்ரி. இது விண்டோஸின் பேரேடு. அதில் ரன் என்ற பக்கத்தில் எழுதப்பட்ட பெயர்கள் எல்லாம் தானாக எழுந்து வரும். இந்தப் பேரேட்டில் நாம் நேரடியாகக் கை வைக்கக் கூடாது. தப்பாக ஒரு வரியை அழித்தால் கம்ப்யூட்டரே எழாமல் போகலாம்.

மூன்றாவது, சர்வீசஸ் எனும் சேவைகள். இவை திரையில் முகம் காட்டாமல் பின்னால் இருந்து வேலை செய்பவை. அச்சு எடுப்பது, நெட் இணைப்பு, ஆன்டிவைரஸ் எல்லாம் இவற்றை நம்பித்தான் நடக்கின்றன.

எங்கள் அலுவலகத்தில் நடந்தது

எங்கள் கம்ப்யூட்டரில் விண்டோஸ் 7 இருக்கிறது. கடைக்காரர் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, "ஃபார்மட் அடிச்சாத்தான் சரியாகும்" என்றார். ஃபார்மட் என்றால் முழுவதும் அழித்துவிட்டு விண்டோஸைப் புதிதாகப் போடுவது. "உள்ளே இருக்கிற கணக்கெல்லாம்?" என்று கேட்டோம். "காப்பி எடுத்து வச்சிருப்பீங்கல்ல?" என்றார். எடுத்து வைக்கவில்லை. ஆறு வருடச் சேமிப்பு, கடன், வட்டி எல்லாம் அந்த ஒரு பெட்டிக்குள் இருந்தது. வேண்டாம் என்று அனுப்பிவிட்டோம்.

பிறகு எங்கள் கணக்காளர் தங்கையிடம், "நீதான் படிச்ச பொண்ணாச்சே, சாயங்காலத்துக்குள்ள சரி பண்ணிடும்மா" என்றோம். மறுநாள் மூன்று குழுக்களின் கடன் விண்ணப்பம் வங்கிக்குப் போக வேண்டும். அவரும் யாரிடமோ போனில் கேட்டுத் தொடக்கப் பட்டியலைத் திறந்தார். அவசரத்தில் "எல்லாவற்றையும் நிறுத்து" என்று பொருள்படும் டிசேபிள் ஆல் பட்டனை அழுத்திவிட்டார். ஸ்டார்ட்அப் பக்கத்திலும் அழுத்தினார், சர்வீசஸ் பக்கத்திலும் அழுத்தினார்.

மறுநாள் கம்ப்யூட்டர் பறந்து வந்தது. எல்லோரும் கை தட்டினோம். விண்ணப்பம் அடிக்க உட்கார்ந்தபோது தமிழ் எழுத்து வரவில்லை. தட்டினால் ஆங்கிலம்தான் விழுந்தது. அடித்தவரை போதும் என்று பென் டிரைவில் போட்டு ஜெராக்ஸ் கடைக்கு எடுத்துப் போனோம். திரும்பி வந்து செருகினோம். அப்போது எங்கள் ஆன்டிவைரஸும் நின்று போயிருந்தது யாருக்கும் தெரியாது. பென் டிரைவில் இருந்த ஃபோல்டர்கள் எல்லாம் ஷார்ட்கட் குறியாக மாறியிருந்தன. திறந்தால் உள்ளே எதுவும் இல்லை.

கணக்காளர் தங்கை அழுதுவிட்டார். "என்னாலதான் எல்லாம் போச்சு" என்று அவர் சொன்னபோது எங்களுக்கே நெஞ்சு அடைத்துவிட்டது. அன்றைக்கு வங்கிக்குப் போக வேண்டிய மூன்று விண்ணப்பமும் போகவில்லை. ஆடு வாங்க முன்பணம் கொடுத்துவிட்டுக் காத்திருந்த உறுப்பினருக்கு யார் பதில் சொல்வது?

ஒரு உறுப்பினரின் மகள், கல்லூரியில் படிப்பவர், வந்து பார்த்தார். அந்த வைரஸ் கோப்புகளை அழிக்கவில்லை, மறைத்து வைத்துவிட்டு அதே பெயரில் பொய்க் குறிகளை வைத்திருந்தது என்றார். மறைந்த கோப்புகளைக் காட்டும்படி மாற்றியதும் எல்லாம் தெரிந்தன. உயிர் வந்தது. விண்ணப்பம் மூன்று நாள் தாமதமாகப் போனது.

பிறகு உட்கார்ந்து பேசினோம். தப்பு அந்தப் பெண்ணுடையது இல்லை. காப்பி எடுத்து வைக்காதது எங்கள் எல்லோருடைய தப்பு. சொல்லித் தராத வேலையைச் சாயங்காலத்துக்குள் முடி என்றதும் எங்கள் தப்பு. இதைத் தீர்மான நோட்டிலும் எழுதினோம். கீழே உள்ள முறை அந்தப் பாடத்தில் இருந்து வந்ததுதான்.

தொடங்கும் முன் மூன்று வேலை

1. கணக்குக் கோப்புகள் அனைத்தையும் ஒரு சுத்தமான பென் டிரைவில் காப்பி எடுத்து, அந்தக் காப்பியை வேறு ஒரு கம்ப்யூட்டரில் திறந்து பாருங்கள். திறந்தால்தான் அது காப்பி.

2. ஒரு நோட்டு, பேனா எடுத்து வையுங்கள். எதை நிறுத்தினோம், எந்தத் தேதியில் என்று எழுத வேண்டும்.

3. பட்டனை அழுத்தியதில் இருந்து நோட்பேட் திறக்கும் வரை எத்தனை நிமிடம் என்று கடிகாரம் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். முன்பு எவ்வளவு, பிறகு எவ்வளவு என்று தெரிந்தால்தானே பலன் தெரியும்?

பட்டியலைத் திறக்கும் முறை

விண்டோஸ் 7 என்றால் ஸ்டார்ட் பட்டனை அழுத்துங்கள். அடியில் தேடும் கட்டம் இருக்கும். விண்டோஸ் எக்ஸ்பி என்றால் ஸ்டார்ட், பிறகு ரன் என்பதை அழுத்துங்கள். அந்தக் கட்டத்தில் இந்த எட்டு ஆங்கில எழுத்துகளை இடைவெளி இல்லாமல் அடியுங்கள்: எம், எஸ், சி, ஓ, என், எஃப், ஐ, ஜி. பிறகு என்டர் தட்டுங்கள். அனுமதி கேட்டால் எஸ் கொடுங்கள். அட்மினிஸ்ட்ரேட்டர் பயனராக உள்ளே வந்திருந்தால்தான் இது நடக்கும்.

ஒரு சின்னப் பெட்டி திறக்கும். மேலே வரிசையாகத் தலைப்புகள் இருக்கும். அவற்றில் ஸ்டார்ட்அப் என்பதை மட்டும் தொடுங்கள். பூட் என்ற தலைப்பின் பக்கம் போகவே வேண்டாம். அங்கே சேஃப் பூட் என்பதில் தெரியாமல் டிக் போட்டுவிட்டால், அதை எடுக்கும் வரை ஒவ்வொரு முறையும் கம்ப்யூட்டர் அரைகுறையாகத்தான் எழும்.

இப்போது பட்டியல் தெரிகிறது. ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் ஒரு கட்டம், அதில் டிக். டிக் இருந்தால் அது தானாக எழும். டிக்கை எடுத்தால் எழாது. இங்கே ஒரு நல்ல செய்தி: டிக்கை எடுப்பதால் புரோகிராம் அழிவதில்லை. கம்ப்யூட்டரில் அப்படியே இருக்கும். வேண்டும்போது நாம் திறந்தால் திறக்கும். கூட்டத்துக்கு வராதே என்று சொல்கிறோமே தவிர, ஊரை விட்டே போகச் சொல்லவில்லை.

எதை எடுக்கலாம், எதை விட வேண்டும்?

விண்டோஸ் 7 பட்டியலில் பெயருக்குப் பக்கத்தில் தயாரித்த நிறுவனத்தின் பெயரும், அடுத்து அந்தப் புரோகிராம் இருக்கும் இடமும் தெரியும். எக்ஸ்பியில் நிறுவனத்தின் பெயர் இருக்காது, இடம் மட்டும் தெரியும்.

தொடக் கூடாதவை:

ஆன்டிவைரஸ் பெயரில் உள்ள எதையும் தொடாதீர்கள். இதுதான் வாசல் காவல்.

தமிழ் தட்டச்சு மென்பொருள். அழகி, இ-கலப்பை, என்.எச்.எம். ரைட்டர் என்று எதை வைத்திருந்தாலும் விட்டுவிடுங்கள். எக்ஸ்பியில் சி.டி.எஃப்.மான் என்று ஒன்று இருக்கும். அது மொழி மாற்றும் பட்டையைப் பார்த்துக்கொள்வது. விண்டோஸில் உள்ள தமிழ் கீபோர்டைப் பயன்படுத்துபவர்கள் அதையும் விட்டுவிடுங்கள்.

மடிக்கணினி என்றால் டச்பேடு சம்பந்தப்பட்டது. சினாப்டிக்ஸ் என்று பல கணினிகளில் இருக்கும். சத்தத்துக்கு உரியது ரியல்டெக் என்று இருக்கும். இவற்றை எடுப்பதால் பெரிய லாபம் இல்லை.

தயங்காமல் எடுக்கக்கூடியவை:

அடோபி ரீடர் ஸ்பீடு லாஞ்சர். பி.டி.எஃப். கோப்பை வேகமாகத் திறக்க என்று முன்கூட்டியே வந்து உட்காருவது. இது இல்லாமலும் பி.டி.எஃப். திறக்கும்.

ஜாவா அப்டேட் ஷெட்யூலர். புதுப்பிப்பு வந்திருக்கிறதா என்று பார்ப்பதற்காகவே காத்துக்கொண்டிருப்பது.

குவிக்டைம். விண்டோஸுக்கான குவிக்டைமை ஆப்பிள் நிறுவனம் 2016-லேயே கைவிட்டுவிட்டது. இதன் டிக்கை எடுப்பதோடு, கன்ட்ரோல் பேனல் வழியாக மென்பொருளையே நீக்கிவிடுங்கள்.

யாஹூ மெசஞ்சர், ஸ்கைப் போன்றவை. யாஹூ மெசஞ்சர் 2018-லும் ஸ்கைப் 2025-லும் மூடப்பட்டுவிட்டன. கடை மூடியும் ஆள் மட்டும் தினமும் வந்து உட்காருவானேன்?

கேமரா, செல்போன், பிரிண்டர் கம்பெனிகளின் உதவிப் புரோகிராம்கள். பெரும்பாலும் மை தீர்ந்துவிட்டது, புதுசு வாங்கு என்று சொல்லத்தான் வருகின்றன. டிக்கை எடுத்தபின் ஒரு பக்கம் அச்சு எடுத்துப் பாருங்கள். வரவில்லை என்றால் டிக்கைத் திரும்பப் போட்டுவிடலாம்.

பெயரே புரியாதவற்றை முதல் நாளில் விட்டுவிடுங்கள். பெயரையும் இடத்தையும் நோட்டில் எழுதி, தெரிந்தவரிடம் கேட்டுவிட்டுப் பிறகு முடிவு செய்யலாம். சர்வீசஸ் தலைப்பையும் இப்படியே விட்டுவிடுங்கள். எங்களுக்கு வினை வந்தது அங்கேதான்.

ஒரே மூச்சில் வேண்டாம்

ஒரு தடவைக்கு இரண்டு மூன்று பெயர்களுக்கு மேல் டிக்கை எடுக்காதீர்கள். எடுத்தபின் அப்ளை, பிறகு ஓகே கொடுங்கள். ரீஸ்டார்ட் செய்யவா என்று கேட்கும், செய்யுங்கள். எக்ஸ்பி என்றால், மறுபடி எழுந்ததும் நீங்கள் மாற்றம் செய்திருக்கிறீர்கள் என்று ஒரு அறிவிப்பு வரும். பயப்பட வேண்டாம். இனிக் காட்டாதே என்ற பொருளில் உள்ள கட்டத்தில் டிக் போட்டு ஓகே கொடுத்துவிடுங்கள்.

எழுந்ததும் நான்கு விஷயம் பாருங்கள். தமிழ் அடிக்க வருகிறதா? ஆன்டிவைரஸ் குறி கடிகாரத்தின் பக்கத்தில் இருக்கிறதா? அச்சு வருகிறதா? கணக்குக் கோப்பு திறக்கிறதா? நான்கும் சரி என்றால் அடுத்த இரண்டு பெயர்களுக்குப் போங்கள். ஏதாவது ஒன்று சரியில்லை என்றால், கடைசியாக எடுத்த டிக்கைத் திரும்பப் போட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள். நோட்டில் எழுதி வைத்திருந்தால்தான் கடைசியாக எடுத்தது எது என்று தெரியும். அதற்குத்தான் நோட்டு.

கம்ப்யூட்டரே எழ மறுத்தால்? அணைத்துவிட்டு மறுபடி போட்டு, விண்டோஸ் படம் வருவதற்கு முன்பே எஃப் 8 பட்டனை விட்டு விட்டுத் தட்டுங்கள். ஒரு பட்டியல் வரும். அதில் சேஃப் மோட் என்பதைத் தேர்ந்தெடுத்தால் மிகத் தேவையானவை மட்டும் எழும். அங்கிருந்து அதே பெட்டியைத் திறந்து டிக்கைத் திரும்பப் போடலாம்.

சந்தேகப்பட வேண்டிய பெயர்கள்

பட்டியலைப் பார்ப்பதில் இன்னொரு நன்மையும் உண்டு. அழையாத விருந்தாளி மட்டுமல்ல, திருடனும் அங்கேதான் தன் பெயரை எழுதி வைக்கிறான். நிறைய வைரஸ்கள் இதே பட்டியலில் சேர்ந்துகொண்டு தினமும் எழுகின்றன.

எப்படிக் கண்டுபிடிப்பது? புரோகிராம் இருக்கும் இடத்தைப் பாருங்கள். டெம்ப் என்ற தற்காலிக ஃபோல்டரில் இருந்து ஏதாவது எழுந்தால் சந்தேகப்படுங்கள். விண்டோஸின் சொந்தப் புரோகிராம் போலவே பெயர் வைத்து, ஓர் எழுத்தை மட்டும் மாற்றியிருப்பார்கள். உதாரணமாக எஸ்.வி.சி.ஹோஸ்ட் என்பது விண்டோஸின் சொந்த ஆள். அவன் வீடு சிஸ்டம் 32 என்ற ஃபோல்டர். எஸ்.சி.வி.ஹோஸ்ட் என்று எழுத்து இடம் மாறி இருந்தால் அது வேறு ஆள். ஃபோல்டர் போலப் படம் வைத்துக்கொண்டு நியூ ஃபோல்டர் என்ற பெயரில் பென் டிரைவ் வழியாகப் பரவிய வைரஸையும் நம்மில் பலர் பார்த்திருப்போம்.

இப்படி ஒன்றைக் கண்டால் டிக்கை எடுப்பது மட்டும் போதாது. ஆன்டிவைரஸ் போட்டு முழுவதும் சோதிக்க வேண்டும். அதுவரை அந்தக் கம்ப்யூட்டரில் பென் டிரைவைச் செருகி வேறு இடத்துக்கு எடுத்துப் போகாதீர்கள். நம் வீட்டு நோயை ஊருக்குக் கொடுத்ததாகிவிடும்.

இதனால் தீராதவை

உண்மையைச் சொல்லிவிட வேண்டும். இந்த வேலையால் கம்ப்யூட்டர் சீக்கிரம் எழும், ஆனால் இளமை திரும்பாது. ராம் குறைவாக இருந்தால், ஹார்டு டிஸ்க் கடகடவென்று சத்தம் போட்டால், அதற்கு இது மருந்தில்லை. சத்தம் வந்தால் முதலில் காப்பி எடுங்கள், மற்றதெல்லாம் பிறகு.

இன்னொன்று இதைவிட முக்கியம். விண்டோஸ் எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரல் 8-லும், விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14-லும் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்களை நிறுத்திவிட்டது. புதிய ஓட்டைகள் கண்டுபிடிக்கப்பட்டாலும் அடைக்க ஆள் இல்லை என்று பொருள். குரோம் உலாவியும் 2023 முதல் விண்டோஸ் 7-க்குப் புதிய பதிப்பு தருவதில்லை. அதனால் இந்தக் கம்ப்யூட்டர்களைக் கடிதம் அடிக்க, கணக்கு எழுத, அச்சு எடுக்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இணையம் வழியாக வங்கிக் கணக்கில் நுழைவது, பாஸ்வேர்டு அடிப்பது இதில் வேண்டவே வேண்டாம். குழுப் பணம் நம் ஒருவருடைய பணம் இல்லையே.

புதிய கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களும் கேளுங்கள். விண்டோஸ் 8 முதல் இந்தப் பட்டியல் டாஸ்க் மேனேஜருக்கு இடம் மாறிவிட்டது. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் திறக்கும். ஸ்டார்ட்அப் பகுதியில் ஒவ்வொன்றும் தொடக்கத்தை எவ்வளவு தாமதமாக்குகிறது என்றும் காட்டும். வேண்டாததன் மேல் மவுஸின் வலது பட்டனை அழுத்தி டிசேபிள் கொடுத்தால் போதும்.

இப்போது எங்கள் நிலை

எங்கள் நோட்டில் முதல் வரி, "எழுந்து வர 11 நிமிடம்" என்று இருக்கிறது. ஒரு வாரத்தில், நாளுக்கு இரண்டு பெயராக, மொத்தம் ஒன்பது பெயர்களின் டிக்கை எடுத்தோம். கடைசி வரி, "4 நிமிடம்". பறக்கவில்லை, ஆனால் டீ வருவதற்கு முன் கம்ப்யூட்டர் வந்துவிடுகிறது. அந்த நோட்டை எழுதியதும், டிக்கை எடுத்ததும் அதே கணக்காளர் தங்கைதான். பக்கத்தில் இருவர் உட்கார்ந்து பார்த்தோம், கற்றுக்கொண்டோம். இப்போது அலுவலகத்தில் இந்த வேலை தெரிந்தவர்கள் மூன்று பேர். மாதக் கடைசி சனிக்கிழமை காப்பி எடுத்து, அந்தப் பென் டிரைவைப் பொருளாளர் வீட்டில் வைக்கிறோம்.

ஆடு வாங்கக் காத்திருந்த உறுப்பினருக்கு அந்தக் கடன் கிடைத்துவிட்டது. தாமதத்தில் முதலில் பேசி வைத்திருந்த ஆடு கைமாறிப் போய், வேறுதான் வாங்கினார். அவர் இதை எங்களிடம் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் நாங்கள் மறக்கவில்லை.

உங்கள் அலுவலகத்திலும் செய்து பாருங்கள் சகோதரிகளே. முதலில் காப்பி, பிறகு நோட்டு, அதன் பிறகுதான் டிக். எத்தனை நிமிடம் குறைந்தது என்று அடுத்த கூட்டத்தில் வந்து சொல்லுங்கள்.